போர்வையை உதைத்துத் தள்ளும் பிள்ளை, சூடே ஏறாத வீடு: ராத்திரியில் என்ன செய்வது?

தூக்கம்_எங்கே

வணக்கம். பழைய வீடு, அதுவும் வாடகை வீடு. சுவர் மெல்லிசு, ஜன்னல் சட்டம் சரியாக மூடாது, படுக்கையறையில் வெயிலே படாது. பகலில் எப்படியோ ஓடிவிடுகிறது. ராத்திரி படுக்கும்போது அறையில் 17 டிகிரி காட்டும், விடியற்காலையில் பார்த்தால் 13. மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. போர்வை போர்த்தினால் நிற்காது, உதைத்துத் தள்ளிவிட்டுக் குறுக்கே படுத்துக்கொள்வாள். நாலு மணிக்குத் தொட்டால் கை, கால் எல்லாம் ஜில்லென்று இருக்கும். நானும் கணவரும் முறை வைத்து எழுந்து போர்த்திக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேருமே காலையில் வேலைக்குப் போகிறவர்கள்.

ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓடவிடலாமா? குல்லா போட்டே தூங்கவைக்கலாமா? வெந்நீர்ப் பையைக் கால்மாட்டில் வைக்கலாமா? மாமியார் இன்னொரு ஸ்வெட்டர் போடச் சொல்கிறார். மருத்துவர் அதிகம் சுற்றாதே என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

செவிலி_இரவுப்பணி

முதலில் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கை கால் ஜில்லென்று இருப்பது சகஜம். உடம்பு தன் சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஓரங்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம்.

தொட வேண்டிய இடம் பிடரி, இல்லாவிட்டால் சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சு. உங்கள் கையை முதலில் சூடாக்கிக்கொள்ளுங்கள், ஜில்லென்ற கையால் தொட்டால் பிள்ளை எப்போதும் கொதிப்பதுபோலத்தான் தெரியும். அங்கே இதமாக, உலர்ந்து இருந்தால் போதும், போய்ப் படுங்கள். பிடரி ஈரமாக, தலைமுடி நனைந்து, கன்னம் சிவந்து இருந்தால் துணி அதிகம், ஒன்றைக் கழற்றுங்கள். நெஞ்சே குளிர்ந்திருந்தால்தான் இன்னொன்று போட வேண்டும்.

உங்கள் மருத்துவர் சொன்னது சும்மா இல்லை. பிள்ளைகள் தூங்க ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் நன்றாக வியர்க்கும். அப்போது இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தால் உள்சட்டை நனையும். அந்த ஈரச் சட்டையோடுதான் அவள் நாலு மணிக் குளிரைச் சந்திக்கிறாள். அதிகம் போட்டுத்தான் பல பிள்ளைகள் விடியலில் குளிர்ந்து போகிறார்கள்.

பேத்திக்காரி

கண்ணு, இதெல்லாம் இத்தனை யோசிக்க வேண்டிய விஷயமா? பிள்ளையை நடுவில் போட்டு ஆளுக்கொரு பக்கம் படுங்கள். அதைவிட நல்ல ஹீட்டர் இல்லை. என் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

செவிலி_இரவுப்பணி

அம்மா, ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு அது ஒரு வழிதான், மறுக்கவில்லை. இரண்டு நிபந்தனை உண்டு. பெரியவர்களின் கனத்த ரஜாய் பிள்ளையின் முகத்துக்கு வரக்கூடாது, அவளுக்குத் தனியாகச் சின்னப் போர்வை வேண்டும். இரண்டு பக்கமும் உடம்புச் சூடு கிடைப்பதால் அவள் உடுப்பில் ஓர் அடுக்கைக் குறைத்துவிட வேண்டும். தனியாகத் தூங்கும்போது போடுவதையே போட்டு நடுவில் படுக்கவைத்தால் வேர்த்துவிடும்.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது ஒரு வயதுக்குள் குழந்தை இருந்தால், இந்த யோசனை உங்களுக்கு இல்லை. குழந்தைக்குத் தனிப் படுக்கை, அதே அறையில்.

தூக்கம்_எங்கே

நடுவில் படுக்கவைத்துப் பார்த்தாயிற்று அம்மா. அவருக்கு விலாவில் உதை, எனக்கு முகத்தில் உதை. அவள் மட்டும் நன்றாகத் தூங்கினாள்.

கட்டடக்காரன்

போர்வையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் அறையைப் பற்றிச் சொல்கிறேன். கட்டில் எங்கே கிடக்கிறது? முக்கால்வாசி வீடுகளில் பிள்ளையின் கட்டில் மூலையில்தான் இருக்கும், விழாமல் இருக்கட்டும் என்று. அந்த மூலை வெளிச்சுவர் இரண்டு சேரும் இடமாக இருந்தால் வீட்டிலேயே அதிகம் குளிர்கிற இடம் அதுதான்.

உடம்புக்குத் தெரிகிற குளிர், காற்றின் வெப்பநிலை மட்டும் இல்லை. சுற்றி இருக்கும் சுவர், ஜன்னல், தரை எல்லாவற்றின் மேற்பரப்பு வெப்பநிலையும் சேர்ந்தது. ஏறக்குறைய காற்றுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று 17 இருந்து, பக்கத்துச் சுவர் 10 இருந்தால், அந்தச் சுவரோரம் படுத்த பிள்ளைக்கு அது 13, 14 மாதிரிதான். ஜன்னலுக்குக் கீழே இன்னும் மோசம். கண்ணாடியில் பட்ட காற்று குளிர்ந்து கனத்து, கண்ணாடி வழியே சறுக்கிக் கீழே இறங்கும். சட்டத்தில் ஓர் ஓட்டை இல்லாவிட்டாலும் அது நடக்கும். கட்டில் அங்கே இருந்தால் அந்தக் காற்று நேராகப் பிள்ளையின் மேல் வந்து படுகிறது.

அதனால் முதல் வேலை, கட்டிலை உட்சுவர் பக்கம் நகர்த்துங்கள். பக்கத்து அறை சமையலறையாக இருந்தால் அந்தச் சுவர் இன்னும் நல்லது. வெளிச்சுவர் ஓரமாகத்தான் வைக்க முடியும் என்றால் குறைந்தது ஒரு முழம் தள்ளி வையுங்கள். நகர்த்தும்போது திரைச்சீலைக் கயிறு, ஹீட்டர் ஒயர் எதுவும் கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை கழுத்தில் கயிறு சுற்றிக்கொள்வது குளிரைவிட ஆபத்து.

இரண்டாவது, தெர்மாமீட்டர் எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? உங்கள் கண் உயரத்தில்தானே? பிள்ளை தூங்கும் உயரத்தில், ஹீட்டரிலிருந்து தள்ளி வைத்து ஒரு ராத்திரி பாருங்கள். எண் மாறும்.

மூன்றாவது, காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. டிஷ்யூ தாளில் மெல்லிசாக ஒரு கீற்று கிழித்து, காற்றடிக்கிற ராத்திரியில் ஜன்னல் சட்டம் நெடுகக் காட்டிக்கொண்டே போங்கள். எங்கே ஆடுகிறதோ அங்கே நுரைப்பட்டை ஒட்டுங்கள். கிளம்பும்போது பிய்த்துவிடலாம், வாடகை வீடு என்றாலும் தகராறு வராது. கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளிக்குப் பழைய துண்டைச் சுருட்டி வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். திரைச்சீலை கனமானதாக, ஜன்னலின் அடிப்பலகையைத் தொடும்படி, இரு பக்கமும் சுவரில் படியும்படி இருக்க வேண்டும். நடுவில் தொங்கும் அரைத் திரை அழகுக்கு மட்டும்தான்.

ஒன்று மறக்க வேண்டாம். எரிவாயுவோ விறகோ எரிகிற சாதனம் ஏதாவது வீட்டில் இருந்தால், காற்று வருவதற்கென்று சுவரில் விட்டிருக்கும் துளையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

இரட்டையர்_அப்பா

எங்கள் வீட்டில் இரண்டு உதைப்பாளர்கள். ஒரே மருந்து, போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்கு மாறுவது. கை இல்லாத நீளமான பை, தோளில் பட்டன், முன்னால் ஜிப். உதைத்தால் பையும் கூடவே போகும், கழன்று விழாது.

வாங்கும்போது டோக் என்று ஓர் எண் பார்க்க வேண்டும், துணி எவ்வளவு சூட்டைத் தடுத்து நிறுத்துகிறது என்பதற்கான அளவு அது. வெயில் காலத்துக்கு 0.5, அறை 20 முதல் 24 வரை இருந்தால் 1, 16 முதல் 20 வரை என்றால் 2.5. பதினாறுக்குக் கீழே இறங்கும் அறைக்கு 3.5 டோக்கிலும் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், கூட வரும் அட்டையைப் பாருங்கள். படுக்கும்போது 17 காட்டும் உங்கள் அறைக்கு 2.5 எடுத்து, உள்ளே முழுக்கைப் பனியன், அதன்மேல் முழுக்கை முழுக்கால் இரவு உடுப்பு, காலுக்கு சாக்ஸ். விடியலில் நெஞ்சு குளிர்ந்தால் உள்ளே இன்னொரு மெல்லிய அடுக்கு. பைக்கு மேல் போர்வை வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் கணக்கு தப்பிவிடும்.

கழுத்து அளவுதான் முக்கியம். பட்டன் போட்டபின் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையலாம், தலை உள்ளே நழுவக் கூடாது. வளரட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. இதில் மட்டும் அது கூடாது.

தூக்கம்_எங்கே

ஐயோ, அவள் நடக்கிறாளே! எழுந்து பையோடு நடந்து விழுந்துவிட்டால்?

இரட்டையர்_அப்பா

நடக்கிற வயதுக்கென்றே கால் இரண்டும் தனித்தனியாக வெளியே வருகிற மாதிரி பை இருக்கிறது. அதில் பாதம் வெளியே தெரியும், அதனால் வழுக்காத அடிப்பாகம் உள்ள சாக்ஸ் போடுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் பாதம் வரை மூடிய ஒற்றை உடுப்பு, கொஞ்சம் தடிமனானது. ஜிப்பைத் தானே இறக்கக் கற்றுக்கொண்டாள் என்றால் முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பிப் போடும் பெற்றோர் உண்டு. அப்படிச் செய்தால் கழுத்து முன்னால் ஏறி இறுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும்.

ஊசிநூல்

விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழைய ஃப்ளீஸ் போர்வையில் வீட்டிலேயே தைத்துவிடலாம். பிள்ளையின் நன்றாகப் பொருந்துகிற ஒரு கை இல்லாத பனியனைத் துணியின் மேல் வைத்துக் கழுத்தையும் கைக்குழியையும் வரைந்துகொள்ளுங்கள், கீழே அகலமாக விரித்துக் கணுக்காலுக்கு ஒரு சாண் தாண்டி இறக்குங்கள். இடுப்புக்குக் கீழே நல்ல அகலம் வேண்டும், பிள்ளை தவளை மாதிரி காலை விரித்துத்தான் தூங்கும், குறுக்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. கயிறு, ரிப்பன், தொங்கும் பட்டன் எதுவும் வைக்காதீர்கள். ஜிப்பின் மேல் நுனி தாடையில் உரசாமல் இருக்க ஒரு சின்னத் துணி மடிப்புக் கொடுத்துத் தையுங்கள்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. தோலோடு ஒட்டுகிற அடுக்கு மெல்லிசாக, உடம்போடு ஒட்டி இருக்கட்டும். பருத்தி மென்மையாக இருக்கும், ஆனால் நனைந்தால் சீக்கிரம் காயாது, ஈரத்தோடு குளிரும். மெல்லிய மெரினோ கம்பளி கிடைத்தால் அது ஈரத்திலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். தடிமனான ஒன்றைவிட மெல்லிசு இரண்டு நல்லது, நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கிறது. முரட்டுக் கம்பளியை நேராகத் தோலில் போட்டால் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டிருக்கும்.

சும்மா_வந்தவன்

மெத்தைக்கு அடியைப் பற்றி யாரும் பேசவில்லையே? மேலே எவ்வளவு போட்டாலும் கீழே சூடு ஓடிப்போகும். மெத்தை மெல்லிசு என்றால், அதற்கும் கட்டில் பலகைக்கும் நடுவில் உடற்பயிற்சிக்கு விரிக்கிற நுரைப்பாயைப் போட்டுப் பாருங்கள்.

கட்டடக்காரன்

சரியான பேச்சு. உடம்பின் எடையில் அடியில் இருக்கும் பஞ்சு அமுங்கி, அதிலிருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது, அதனால் மேலே போர்த்துவதைப்போல் கீழே அது காப்பதில்லை. தரையில் மெத்தை போட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது இரட்டிப்பு. குளிர்ந்த காற்று தரையோடு படியும், தரையும் சூட்டை உறிஞ்சும். ஆனால் தரையில் நுரைப்பாய் போட்டால் காலையில் மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையின் வியர்வை ஈரம் அடியில் போய்க் குளிர்ந்து தங்கி, பூஞ்சை பிடித்துவிடும். மெத்தையும் கட்டிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஓரத்தில் பிள்ளையின் முகம் சிக்குகிற இடைவெளி விடக்கூடாது.

மின்வேலை

ஹீட்டர் கேள்விக்கு வருகிறேன். ராத்திரி முழுக்க ஓடவிடுவது என்றால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் உள்ளது, சாய்ந்தால் தானே அணைவது. சிவப்பாகக் கம்பி எரிகிற வகையைப் பிள்ளை தூங்கும் அறையில் வைக்கவே வேண்டாம், ஒரு போர்வை நுனி போதும். எந்த ஹீட்டராக இருந்தாலும் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குத் துணி, திரை, கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. மேலே ஈரத்துணி காயப் போடக் கூடாது.

சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம். ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட் தளர்ந்திருக்கிறது, அன்றைக்கே நிறுத்துங்கள்.

ராத்திரி முழுக்க ஓட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. வெளியே குளிர் உச்சத்துக்குப் போவது சூரியன் உதிக்கிற நேரத்தை ஒட்டித்தான். மனித உடம்பின் சூடு மிகவும் இறங்குவதும் விடியலுக்கு முந்திய அந்த மணிகளில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன, உங்கள் நாலு மணிப் பிரச்சினை அதுதான். 1500 வாட் ஹீட்டர் இடைவிடாமல் எட்டு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். டைமர் வைத்து மூன்றரையிலிருந்து ஆறரை வரை ஓட்டினால் நாலரை யூனிட். டைமர் வாங்கும்போது அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள், விளக்குக்கான டைமரில் ஹீட்டரைச் செருகினால் கருகிவிடும்.

பேத்திக்காரி

ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும், ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று சொல்கிறார்களே? பிள்ளைக்கு மூக்கு அடைக்காதா?

மின்வேலை

மின் ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை அம்மா, அதனால் ஆக்சிஜனைத் தொடாது. உலர்த்துவது பாதி உண்மை. காற்றிலிருக்கும் நீர் எங்கேயும் போவதில்லை, சூடான காற்று அதிக நீரைத் தாங்கும் என்பதால் ஒப்பீட்டு ஈரப்பதம் இறங்குகிறது. 13 டிகிரியில் 80 சதவீதம் இருக்கிற காற்றை 20 டிகிரிக்கு ஏற்றினால் சுமார் 50 சதவீதம் ஆகும். அது நல்ல அளவு. குளிர்ந்த ஓதமான வீட்டுக்கு ஹீட்டர் அந்த வகையில் நன்மைதான். எலும்பை உறைய வைக்கும் வறண்ட குளிர் உள்ள இடங்களில்தான் மூக்கு காய்ந்துபோகும் பிரச்சினை.

பழையவழி

மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்? நாங்கள் சட்டியில் கரி மூட்டி, புகை அடங்கியபின் உள்ளே கொண்டுவந்து வைப்போம். புகை இல்லை என்றால் ஒன்றும் ஆகாது.

செவிலி_இரவுப்பணி

ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புகை அடங்கிய தணல்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் எச்சரிக்கை செய்ய ஒன்றுமே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், அதுவும் ஆக்சிஜனைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் பலமாக. பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் ஏறும். தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. சாம்பல் பூத்த தணலும் அதே வாயுவைத்தான் விடுகிறது.

கரிச்சட்டி மட்டும் இல்லை. சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் கதவைச் சாத்தி அறையைச் சூடாக்குவது, புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டர், மண்ணெண்ணெய் ஹீட்டர், எல்லாம் தூங்கும் அறையில் கூடாது. எரிகிற எதுவாவது வீட்டில் இருந்தால் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். காலையில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் அது சளிக்காய்ச்சல் இல்லை. உடனே வெளியேறிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மின்சாரம் போன ராத்திரிக்குப் பேத்திக்காரி அம்மா சொன்ன வழிதான். ஒரே அறையில் எல்லாரும், கதவு சாத்தி, பிள்ளை பெரியவரோடு.

நெறியாளர்

கரிச்சட்டி யோசனையை நீக்கவில்லை, பதிலோடு சேர்த்துப் படிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அதற்கு ஆதரவாக மேலும் எழுதினால் நீக்கப்படும்.

தூக்கம்_எங்கே

நன்றி எல்லாருக்கும். கட்டிலை நகர்த்தியாயிற்று. கட்டடக்காரன் அண்ணா, தெர்மாமீட்டரை மெத்தை உயரத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய மூலையில் 11, உட்சுவர் பக்கம் 14! ஒரே அறை, ஒரே ராத்திரி. குல்லாவும் வெந்நீர்ப் பையும் பாக்கி இருக்கின்றன, யாராவது சொல்லுங்கள்.

செவிலி_இரவுப்பணி

குல்லா. தலை வழியேதான் பாதிச் சூடு போகிறது என்பது பெரியவர்களுக்குப் பொருந்தாத பேச்சு. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பெரிது. தீக்காயப் பிரிவில் கணக்குப் போடும்போது பெரியவரின் தலையை உடம்புப் பரப்பில் 9 சதவீதம் என்றும் கைக்குழந்தையின் தலையை 18 சதவீதம் என்றும் எடுப்போம். அந்தத் தலைதான் உடம்பு அதிகச் சூட்டை வெளியேற்றும் வழியும் கூட. அதை மூடினால் வேர்க்கும்போது தப்ப வழி இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாதெமியின் 2022 வழிகாட்டுதல், பிறந்த முதல் சில மணி நேரம் போக, கைக்குழந்தைக்கு வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம் என்கிறது. எடை வைத்துத் தைத்த போர்வை, எடை வைத்த தூக்கப் பை எல்லாவற்றையும் அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. உங்கள் மகள் வயதுக்குத் தடை என்று இல்லை, ஆனால் குல்லா நழுவி மூக்கில் உட்காரும். நானாக இருந்தால் போடமாட்டேன். நாடாவுள்ள குல்லா, தலைமூடி தைத்த ஸ்வெட்டர் நிச்சயமாக வேண்டாம்.

வெந்நீர்ப் பை. படுக்கைக்கு அரை மணி முன் மெத்தையில் வைத்துச் சூடாக்குங்கள், பிள்ளையைப் படுக்கவைக்கும்போது வெளியே எடுத்துவிடுங்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள், ரப்பர் பழசாகி வெடித்த கோடு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ராத்திரி முழுக்கக் கால்மாட்டில் விட்டால் சூடு பொறுக்காமல் விலகத் தெரியாத பிள்ளைக்குத் தோல் வெந்துவிடும். மின்போர்வையும் இந்த வயதுக்கு வேண்டாம், டயப்பர் கசிவு வேறு இருக்கிறது.

ஆந்தை

டயப்பர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் மகன் விடியலில் அழுததற்குக் காரணம் குளிரே இல்லை, நிரம்பிய டயப்பர் கசிந்து இடுப்புத் துணி நனைந்ததுதான். இரவுக்கென்று ஒரு சைஸ் பெரிய டயப்பர், அதற்கு மேல் இறுக்கமில்லாத கால்சட்டை. மாற்றுத் துணி ஒரு செட்டை உங்கள் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்குங்கள். நடு ராத்திரியில் அலமாரியிலிருந்து எடுத்த ஜில்லென்ற பனியனைப் போட்டால் பிள்ளை முழுசாக விழித்துக்கொள்ளும், உங்கள் உடம்புச் சூட்டில் இருந்த பனியன் என்றால் பாதித் தூக்கத்திலேயே முடிந்துவிடும்.

புதுஅம்மா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இரண்டு மாதக் குழந்தை, எங்கள் அறையும் 15க்கு இறங்குகிறது. மேலே சொன்னதில் எது எங்களுக்குப் பொருந்தும்?

செவிலி_இரவுப்பணி

உங்களுக்கு வேறு கணக்கு. அந்த வயதுக் குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறமை இன்னும் சரியாக வரவில்லை. தோள்பட்டை நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது, அது தீரக்கூடியது. அதனால் உங்கள் வீட்டில் பிள்ளையை மட்டும் சுற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அறையையே சூடாக்க வேண்டும். கைக்குழந்தை அறைக்கு 16 முதல் 20 டிகிரி என்பது பிரிட்டனில் பெற்றோருக்குச் சொல்கிற அளவு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் குளிர்காலத்து வீடுகளுக்கே குறைந்தது 18 என்று சொல்லியிருக்கிறது. ஹீட்டரை இரவு முழுக்க, தெர்மோஸ்டாட்டில் 18 வைத்து ஓட்டுங்கள்.

மல்லாக்கப் படுக்கை, உறுதியான மெத்தை, தலையணை இல்லை, தளர்ந்த போர்வை இல்லை, பொம்மை இல்லை. சூட்டுக்கு எடைக்கேற்ற ஸ்லீப்பிங் பேக். துணியில் இறுக்கிச் சுற்றுகிற பழக்கம் இருந்தால், குழந்தை திரும்பிப் படுக்க முயலும் அறிகுறி தெரிந்த அன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த வயதில் அளவுக்கு மீறிய சூடு, தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தோடு தொடர்புள்ளது. குளிருக்குப் பயந்து அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

நெஞ்சும் வயிறும் ஜில்லென்று இருந்து, குழந்தை சோர்ந்து, பால் குடிக்க மறுத்தால் காத்திருக்காதீர்கள். உடம்பு 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் அவசர சிகிச்சை. தோல் சிவந்து ஆரோக்கியமாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், குளிர்ந்துபோன கைக்குழந்தை சிவந்து தெரிவதுண்டு. போகிற வழியில் ஈரத்துணியைக் கழற்றிவிட்டு உங்கள் நெஞ்சோடு தோலில் தோல் படும்படி வைத்து மேலே போர்த்திக்கொள்ளுங்கள். வெந்நீரில் முக்குவது, ஹீட்டருக்கு முன்னால் நீட்டுவது கூடாது.

புதுஅம்மா

நன்றி அக்கா. தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர்தான், இன்றைக்கே 18 வைக்கிறேன். குழந்தை எங்கள் அறையில்தான் இருக்கிறது.

சும்மா_வந்தவன்

பழைய ஸ்லீப்பிங் பேக் ஒன்று உறவினர் கொடுத்தார். வாங்கிக்கொள்ளலாமா?

இரட்டையர்_அப்பா

ஜிப் கடைசி வரை ஏறுகிறதா, தோள் பட்டன் இழுத்தால் விடுகிறதா, கழுத்து நெகிழ்ந்து அகலமாகிவிட்டதா, இந்த மூன்றையும் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், பஞ்சு ஓர் ஓரமாகத் திரண்டு நடுவில் வெறும் துணி தெரிந்தால் அட்டையில் 2.5 என்று போட்டிருந்தாலும் அது இப்போது 2.5 இல்லை. அதை 20 டிகிரி ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்_எங்கே

கட்டடக்காரன் அண்ணா, ஒன்று விட்டுப்போயிற்று. நுரைப்பட்டை ஒட்டியபின் காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது, திரையின் அடி நனைகிறது. முன்னால் இப்படி இல்லை.

கட்டடக்காரன்

இடைவெளியை அடைத்ததால் உங்கள் மூன்று பேரின் மூச்சு ஈரமும் இப்போது உள்ளேயே இருக்கிறது. அறைக்குள் துணி காயப் போடுவதை நிறுத்துங்கள். பிள்ளை எழுந்து வெளியே வந்தபின் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்று மாறவிட்டு மூடுங்கள். அவ்வளவு நேரத்தில் சுவரின் சூடு போய்விடாது, ஈரக் காற்று மட்டும் போய்விடும். கண்ணாடியைத் துடைத்த துணியை அறைக்கு வெளியே பிழிந்து போடுங்கள். அப்படியும் மூலையில் கறுப்பாகப் புள்ளி வந்தால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள், வாய்ச்சொல்லாக விடாதீர்கள்.